வேவ்ட்ரொம்மில் துடிப்புகளைத் திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இலத்திரனியல் படிக்கிற பிள்ளைகளிடம் புரொஜெக்ட் என்ன என்று கேட்டால், பாதிப் பேர் தண்ணீர்த் தாங்கியின் மட்டம் அளக்கும் கருவி என்பார்கள். கிணறும் மோட்டரும் மொட்டைமாடித் தாங்கியும் இல்லாத வீடு குறைவு என்பதால் அது நியாயமான தெரிவுதான். கருவி வேலை செய்துவிடும். அறிக்கைக்கு டைமிங் வரைபடம், அதாவது எந்தக் கம்பி எப்போது உயர்கிறது, எப்போது தாழ்கிறது என்று காட்டும் படம், வரைய உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்கும். ஒரு துடிப்பை நீட்டப் போனால் அடுத்த வரி நகர்ந்துவிடும், அம்புக்குறி அந்தரத்தில் தொங்கும்.

வேவ்ட்ரொம் (WaveDrom) இந்தப் படத்தை வரையும் மென்பொருள். இலவசமானது, உலாவியிலேயே ஓடுவது. மவுஸால் இழுத்து வரைவதில்லை. ஒவ்வொரு சிக்னலையும் ஒரு வரி எழுத்துகளாக அடிக்கிறோம், கீழே படம் தானாக வருகிறது. ஆகவே துடிப்பைத் திருத்துவது என்றால் எழுத்தைத் திருத்துவதுதான். தாங்கிக் கருவியில் எல்லோரும் பூட்டும் எச்.சி-எஸ்ஆர்04 (HC-SR04) மீயொலி உணரியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எழுத்துகளைப் பெயரால் சொல்கிறேன். பி, என், எல், எக்ஸ், இசட், ஏ என்று வரும் இடங்களில் ஆங்கிலச் சிறிய எழுத்தை அடியுங்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உணரியின் தரவுத்தாளில் உள்ள நேரங்கள். இந்த உணரிக்கு அவை கொஞ்சம்தான். ட்ரிகர் காலில் குறைந்தது 10 மைக்ரோ செக்கன் உயர்மட்டத் துடிப்பு கொடுக்க வேண்டும். அது கிடைத்ததும் உணரி 40 கிலோ ஹேர்ட்ஸில் 8 அலைகளை அனுப்பும். ஓர் அலைக்கு 25 மைக்ரோ செக்கன் என்பதால் மொத்தம் 200 மைக்ரோ செக்கன். அதன் பிறகு எக்கோ கால் உயரும். ஒலி திரும்பி வந்ததும் தாழும். எக்கோ உயர்ந்திருந்த நேரத்தை மைக்ரோ செக்கனில் எடுத்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்றிமீற்றரில் வரும்.

அந்த 58 ஏறத்தாழ 20 பாகை செல்சியஸுக்கான கணக்கு. 30 பாகையில் ஒலி இன்னும் சற்று வேகமாகப் போகும், எண் 57-க்குக் கிட்ட வந்துவிடும். எங்கள் வெயிலில் தாங்கி மூடிக்குக் கீழே இருக்கும் சூட்டைச் சொல்லவும் வேண்டுமா? வரைபடத்துக்கு 58 போதும்.

அடுத்தது ஒரு தாளும் பென்சிலும். எந்த விளிம்பு (மட்டம் ஏறும் அல்லது இறங்கும் இடம்) எதற்குப் பிறகு வருகிறது என்பதைத் தாளில் கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்ட்டைத் தொட வேண்டும். இதைத் தவிர்த்தவர்கள்தான் பாதி வழியில் எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப அடிக்கிறார்கள்.

மூன்றாவது, நோட்பேட் போன்ற வெறும் எழுத்துத் திருத்தி. வேர்டில் அடித்து ஒட்டவே வேண்டாம். காரணம் 9-ஆம் பகுதியில் இருக்கிறது.

2. ஒரு கட்டம் எவ்வளவு நேரம் என்று முடிவெடுங்கள்

வேவ்ட்ரொம்மில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டம் எத்தனை மைக்ரோ செக்கன் என்பது அதற்குத் தெரியாது, நீங்கள்தான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் முதலில் மாட்டுவார்கள். தாங்கியில் தண்ணீர் 100 சென்றிமீற்றர் கீழே இருந்தால் எக்கோத் துடிப்பு 5800 மைக்ரோ செக்கன், அதாவது 5.8 மில்லி செக்கன். ட்ரிகர் 10 மைக்ரோ செக்கன். அளவு மாறாமல் வரைவதென்றால், ட்ரிகருக்கு ஒரு கட்டம் கொடுத்தால் எக்கோவுக்கு 580 கட்டம் வேண்டும். எந்தத் தாளிலும் அடங்காது.

ஆகவே இந்த வகைப் படத்தில் அளவை விட்டுவிடுங்கள். எது முதலில், எது பிறகு என்ற வரிசை மட்டும் சரியாக இருக்கட்டும். நீண்ட துடிப்பின் நடுவில் ஒரு வெட்டுக்குறி போட்டு, உண்மையான நேரத்தை எழுத்தில் எழுதிவிடலாம். கடிகாரத்தோடு ஓடும் சுற்றுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஒரு கட்டம் என்றால் ஒரு கடிகாரச் சுற்று, அவ்வளவுதான்.

3. தேவையான எழுத்துகள்

0 தாழ்மட்டம், 1 உயர்மட்டம். புள்ளி என்றால் முந்தைய கட்டத்தில் இருந்ததே தொடர்கிறது. நிமிர்ந்த கோடு, அதாவது | என்ற குறி, மட்டத்தை மாற்றாமல் அந்தக் கட்டத்தில் வெட்டு வரையும். = என்றால் உள்ளே பெயர் எழுதக்கூடிய பஸ் கட்டம். 3 முதல் 9 வரையான எண்களும் பஸ் கட்டங்களே, நிறம்தான் வேறு. எக்ஸ் தெரியாத நிலை, இசட் மிதக்கும் நிலை. பி உயர்ந்து தாழும் கடிகாரம், என் தாழ்ந்து உயரும் கடிகாரம். பி, என் இரண்டையும் பெரிய எழுத்தில் அடித்தால் விளிம்பில் ஓர் அம்பு சேரும்.

இதில் மனதில் பதிய வேண்டியது புள்ளிதான். 0 தொடர்கிறது என்பதற்கு 0000 என்று அடித்தால், ஒவ்வொரு கட்ட எல்லையிலும் சின்னப் பல் ஒன்று முளைக்கும். ஒரே மட்டத்தைத் திரும்ப எழுதினால் அங்கே ஏதோ நடந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. 0... என்று அடித்தால் கோடு நேராகப் போகும். படத்தில் காரணமில்லாத பல் தெரிந்தால் வேறு எங்கும் தேடாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு 0 அல்லது இரண்டு 1 இருக்கும்.

அதாவது 0-வும் 1-உம் மட்டத்துக்கான எழுத்துகள் என்று நினைக்காமல், விளிம்புக்கான எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 இருக்கும் இடத்தில் சிக்னல் ஏறுகிறது, 0 இருக்கும் இடத்தில் இறங்குகிறது, மற்றதெல்லாம் புள்ளி. இந்தக் கணக்கு பிடிபட்டால் திருத்துவது மிகச் சுலபம்.

4. காரணம் முதலில், விளைவு பிறகு

மேலே இருக்கும் வரி கீழே இருப்பதைத் தூண்டும்படி அடுக்குங்கள். ட்ரிகரால்தான் அலை, அலையால்தான் எக்கோ. படிப்பவரின் கண் மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் இறங்க வேண்டும். திருத்தும்போதும் இந்த வரிசை உதவும். மேல் வரியில் ஒரு விளிம்பு நகர்ந்தால் கீழ் வரியில் எது நகர வேண்டும் என்பது உடனே தெரியும்.

14 கட்டங்கள் போதும் (சிக்னலின் பெயரையும் அதன் அலைவரியையும் மட்டும் காட்டுகிறேன்):

ட்ரிகர்: 010.....|.....
அலை: 0.=.0...|.....
எக்கோ: 0...1...|...0.

8 அலைகளையும் ஒவ்வொன்றாக வரையவில்லை, கவனித்தீர்களா? ஒரு பஸ் கட்டம் போட்டு, டேட்டா (data) என்ற இடத்தில் "8 அலை" என்று எழுதினால் போதும். எட்டையும் வரையப் போனால் படம் அகலமாகுமே தவிர, படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. பெயரில் இடைவெளி இருப்பதால் அதைச் சதுர அடைப்புக்குள், மேற்கோள் குறியோடு போடுங்கள். இல்லையென்றால் 8 தனி, அலை தனி என்று பிரிந்துவிடும்.

வெட்டுக்குறி மூன்று வரியிலும் ஒரே நிரலில், 9-ஆவது கட்டத்தில் இருக்கிறது. இது கட்டாயம். எக்கோவில் மட்டும் வெட்டினால், நேரம் அந்தக் கம்பியில் மட்டும் துண்டாகி மற்றக் கம்பிகளில் தொடர்ந்து ஓடுவதுபோல் ஆகிவிடும்.

அடிக்கும்போது பெயருக்குப் பின்னால், மேற்கோள் குறிக்கு வெளியே, இடைவெளி விட்டு எல்லா அலைவரிகளும் ஒரே நிரலில் தொடங்கும்படி வையுங்கள். படத்தைப் பார்க்காமலே எந்த எழுத்து எதற்கு நேரே இருக்கிறது என்று தெரியும்.

5. துடிப்பைத் திருத்துதல்

விளிம்பை நகர்த்த, விளிம்பு எழுத்தையும் பக்கத்துப் புள்ளியையும் இடம் மாற்றுங்கள். வரியின் நீளம் மாறவே கூடாது. நீளம் மாறினால் அந்தத் துடிப்புக்குப் பின்னால் இருக்கும் அத்தனையும் நகர்ந்துவிடும். மற்ற வரிகளோடு இருந்த பொருத்தம் போய்விடும்.

இதிலிருந்து தொடங்குவோம்:

0...1..0...

வலப்பக்கம் ஒரு கட்டம் நீட்ட வேண்டும். பின்னால் உள்ள 0-வை அதற்கு அடுத்த புள்ளியோடு மாற்றுங்கள்:

0...1...0..

ஒரு கட்டம் முன்னதாகவே ஏற வேண்டும் என்றால், 1-ஐ அதற்கு முந்தைய புள்ளியோடு மாற்றுங்கள். இறங்கும் இடம் அப்படியே இருக்கும்:

0..1...0...

அகலம் மாறாமல் முழுத் துடிப்பும் தள்ளிப்போக வேண்டும் என்றால், முன்னால் ஒரு புள்ளியைச் சேர்த்துக் கடைசியில் ஒன்றை எடுங்கள்:

0....1..0..

புதியவர்கள் முன்னால் சேர்ப்பதை மறப்பதில்லை, கடைசியில் எடுப்பதைத்தான் மறக்கிறார்கள். அப்படி விட்டால் அந்த வரி மட்டும் மற்றவற்றைவிட ஒரு கட்டம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வலது ஓரம் ஒரே நேர்கோட்டில் முடிகிறதா என்று ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஒரு பார்வை பாருங்கள். பாதிப் பிழைகள் அங்கேயே பிடிபடும்.

இனி ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிப்பது. இதற்கு எதையும் சேர்க்க வேண்டாம், எடுக்கவும் வேண்டாம், இருக்கும் புள்ளிகளின் மேலேயே எழுதுங்கள்:

0..1.....0..
0..1.0.1.0..

உள்ளே இருந்த ஐந்து புள்ளிகளில் இரண்டாவது 0 ஆயிற்று, நான்காவது 1 ஆயிற்று, அவ்வளவுதான். வெறுமையான இடத்தில் புதுத் துடிப்பு போடுவதும் இதே மாதிரி.

துடிப்பை அழிக்கும்போது ஏறும் 1-ஐயும் இறங்கும் 0-வையும் இரண்டையுமே புள்ளியாக்க வேண்டும். 1-ஐ மட்டும் புள்ளியாக்கிவிட்டு 0-வை விட்டால் முன்பு சொன்ன பல் முளைக்கும். டிலீட் விசையைத் தட்டி எழுத்துகளை எடுத்துவிட்டாலோ வரி குறுகிவிடும்.

எக்கோத் துடிப்பை நீட்ட வேண்டுமா? தாங்கி காலியாகிறது, தூரம் கூடுகிறது என்று காட்டுவதற்கு:

0...1...|...0.
0...1...|....0

விளிம்பு நகர்ந்து வெட்டுக்குறியைத் தொடும் நிலை வந்தால் அதோடு நிறுத்துங்கள். வெட்டுக்குறியோடு இடம் மாற்றினால் வெட்டு அந்த வரியில் மட்டும் வேறு நிரலுக்குப் போய்விடும். அதற்குப் பதில் எல்லா வரிகளிலும் அதே இடத்தில் ஒவ்வொரு புள்ளி சேர்த்து முழுப் படத்தையும் அகலமாக்குவதுதான் சரி.

6. பஸ் கட்டங்களில் கூடுதல் கவனம்

டேட்டாவில் உள்ள பெயர்கள் இடத்தைப் பார்த்து உட்கார்வதில்லை, வரிசைப்படி உட்காருகின்றன. முதல் = குறிக்கு முதல் பெயர், இரண்டாவதுக்கு இரண்டாவது. நடுவில் ஒரு புது = சேர்த்துவிட்டு டேட்டாவைத் தொடாமல் விட்டால், அதற்குப் பின் வரும் எல்லாக் கட்டத்திலும் பெயர் ஒன்று தள்ளிப்போய், கடைசிக் கட்டம் வெறுமையாக நிற்கும். படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும், தகவல்தான் பிழை. அதனால் இது மோசமான பிழை, யாரும் லேசில் கவனிக்க மாட்டார்கள்.

இங்கே == என்று அடுத்தடுத்து அடிப்பதில் தவறில்லை. இரண்டு வேறு மதிப்புகள் அடுத்தடுத்து வருகின்றன என்று பொருள். ஒரே மதிப்பு இரண்டு கட்டம் நீடித்தால் =. என்று அடியுங்கள்.

7. கடிகாரத்தோடு ஓடும் சிக்னல்கள்

தாங்கிக் கருவியில் எஸ்பிஐ (சிப்புகள் கடிகாரத்தோடு தரவைப் பரிமாறும் முறை) வழியாக ஒரு திரையோ நினைவகமோ பூட்டியிருந்தால் இதுவும் வேண்டும். எஸ்பிஐயின் மோட் 0-இல் கடிகாரம் ஓய்வில் தாழ்ந்திருக்கும். தரவு ஏறும் விளிம்பில் வாசிக்கப்படும், இறங்கும் விளிம்பில் மாறும்.

எல்லோரும் கடிகாரத்துக்குப் பி போடுவார்கள். பி-யில் கட்டம் தொடங்கும் இடத்திலேயே ஏறும் விளிம்பு வருகிறது. தரவும் கட்டத் தொடக்கத்தில்தான் மாறும். ஆக, வாசிக்கும் அதே கணத்தில் தரவு மாறுவதுபோல் படம் வந்துவிடும். அப்படி ஒரு சுற்றைக் கட்டினால் அது ஒழுங்காக ஓடாது. வாசிக்கும் விளிம்புக்கு முன்னும் பின்னும் தரவு அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதானே விஷயம்!

இதற்கு என் போடுங்கள். அதில் கட்டத்தின் முதல் பாதி தாழ்ந்திருக்கும், நடுவில் ஏறும். கட்டத் தொடக்கத்தில் மாறிய தரவு, நடுவில் ஏறும் விளிம்பு வருவதற்குள் நிலைத்துவிடும். கடிகார வரி இப்படிப் போகும்: முதலில் எல், பிறகு என், ஏழு புள்ளி, கடைசியில் எல். மொத்தம் 10 கட்டம். ஓய்வு நிலைக்கு 0 வேண்டாம், எல் போடுங்கள். கடிகாரத்தோடு சேரும் இடத்தில் எல்தான் சுத்தமாக இணையும்.

சிப்பைத் தெரிவு செய்யும் கம்பி 10.......1 என்று வரும். தரவு வரியில் 165 என்ற எண்ணை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 10100101. அதை அப்படியே அடித்தால் நடுவில் அடுத்தடுத்து வரும் இரண்டு 0-வுக்கும் இடையில் பல் முளைக்கும். இப்படி அடிக்க வேண்டும்:

1010.101

இதற்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் எக்ஸ் சேர்த்தால் 10 கட்டம் சரியாக வரும். பிட்டுகளைப் பார்த்து அடிக்கும்போது கை தானாக இரண்டு 0 போட்டுவிடும். பழகியவர்களுக்கும் இது நடக்கும்.

அரைக் கட்டம் தள்ள ஃபேஸ் (phase) என்ற அமைப்பும் இருக்கிறது. 0.5 கொடுத்தால் அந்த வரி இடப்பக்கம் அரைக் கட்டம் போகும். வலப்பக்கம் போகும் என்று நினைத்துப் பலர் குழம்புவார்கள். என் எழுத்தாலேயே காரியம் முடிகிறதென்றால் ஃபேஸைத் தொடாதிருப்பது நல்லது. ஃபேஸ் போட்ட வரியில் எழுத்துக்கும் படத்துக்கும் நேர்ப் பொருத்தம் போய்விடுவதால் அடுத்த திருத்தம் கடினமாகும்.

8. அம்புக்குறிகள் கடைசியில்தான்

இரண்டு விளிம்புகளை அம்பால் இணைக்க, நோட் (node) என்ற வரியில் ஒவ்வொரு விளிம்புக்கும் ஓர் எழுத்துப் பெயர் வைக்க வேண்டும். எக்கோவின் ஏறும் விளிம்புக்கு ஏ, இறங்கும் விளிம்புக்கு பி என்றால், முதல் எக்கோ வரிக்கான நோட் இதுதான்: நான்கு புள்ளி, ஏ, ஏழு புள்ளி, பி. பிறகு எட்ஜ் (edge) என்ற இடத்தில் ஏ, <->, பி மூன்றையும் இடைவெளி இல்லாமல் அடித்து, ஓர் இடைவெளி விட்டு "5.8 மில்லி செக்கன்" என்று எழுதுங்கள். இரு முனை அம்பு வந்துவிடும். ட்ரிகரிலிருந்து அலைக்கு வளைந்து போகும் அம்பு வேண்டுமானால் ~> போடலாம்.

இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துடிப்பை நகர்த்தினால் நோட் எழுத்து தானாக நகராது. அது தனி வரி. முதலிலேயே அம்பு போட்டுவிட்டால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு இடத்தில் செய்ய வேண்டும், ஓர் இடம் கட்டாயம் தவறிப்போகும். 5-ஆம் பகுதியில் எக்கோவை ஒரு கட்டம் நீட்டினோமே, அதற்கு நோட்டிலும் ஏழு புள்ளி எட்டாக வேண்டும்.

9. படம் வரவில்லையா? இவற்றைப் பாருங்கள்

ஒரு வரியின் முடிவில் காற்புள்ளி விட்டுப்போனால் படம் வராது. வரிகளுக்கு இடையில் காற்புள்ளி உண்டா, திறந்த அடைப்பெல்லாம் மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அவை சரியாக இருந்தும் வரவில்லையென்றால் வேர்டைச் சந்தேகியுங்கள். நேர் மேற்கோள் குறியை அது வளைந்த குறியாக மாற்றிவிடும், வேவ்ட்ரொம்முக்கு அது புரியாது. இதைவிடக் கள்ளமான வேலை ஒன்றும் செய்யும். மூன்று புள்ளியை அடுத்தடுத்து அடித்தால் ஒரே எழுத்தான தொடர்புள்ளியாகச் சுருக்கிவிடும். கண்ணுக்கு மூன்று புள்ளிதான் தெரியும், எண்ணிக்கையில் ஒன்று. எண்ணிப் பார்த்துப் பார்த்துத் தலை வெடிக்கும். அந்த வரியை அழித்து நோட்பேடில் புதிதாக அடிப்பதுதான் வழி.

10. சேமிப்பதும் அறிக்கையில் சேர்ப்பதும்

முதலில் எழுத்து மூலத்தை ஒரு கோப்பாகச் சேமியுங்கள், பிறகுதான் படம். படத்திலிருந்து திரும்ப எழுத்துக்குப் போவது வேண்டாத வேலை. மேற்பார்வையாளர் எக்கோவைக் கொஞ்சம் நீட்டச் சொன்னால் மூலம் இருந்தால் ஒரு நிமிட வேலை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் உலாவியை நம்பி விட்டுவைக்காதீர்கள்.

படமாக எஸ்விஜியும் பிஎன்ஜியும் எடுக்கலாம். எஸ்விஜி எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது, அச்சுக்கு அதுதான் நல்லது. ஆனால் தமிழில் பெயர் வைத்திருந்தால் அது எழுத்தாகவே கோப்புக்குள் இருக்கும். திறக்கும் கணினியிலுள்ள எழுத்துருவைப் பொறுத்து அகலம் மாறி, பெயர் துடிப்பின் மேல் ஏறலாம். கொமினிகேசன் கடையில் கொடுத்து அச்சடிப்பதென்றால் அறிக்கையைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். பெயர்களை யுனிகோடில் அடியுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்து ஒட்டினால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் கலவைதான் வரும்.

படம் நெரிசலாக இருந்தால் கொன்ஃபிக் (config) என்ற இடத்தில் எச்ஸ்கேலை (hscale) 2 ஆக்குங்கள், ஒவ்வொரு கட்டமும் இரண்டு மடங்கு அகலமாகும். எழுத்து வரிகளைத் தொட வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சடிப்பதாக இருந்தால் 3 முதல் 9 வரையான நிறக் கட்டங்களை விட்டு = மட்டும் போடுங்கள். ஃபோட்டோ கொப்பியில் மஞ்சளும் நீலமும் ஒரே சாம்பலாகத்தான் விழும்.